சர்க்கரை நோயால் வரும் கால் நரம்பு வலிக்கு டென்ஸ் கருவியை வீட்டில் பயன்படுத்தும் முறை

நீண்ட காலமாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவர்களில் பலருக்குப் பாதங்களில் எரிச்சலும், ஊசி குத்துவது போன்ற வலியும், மதமதப்பும் வந்து சேர்கின்றன. பகலில் வேலை மும்முரத்தில் ஓரளவு தாங்கிக்கொள்ள முடிகிற இந்த வலி இரவில் படுத்தவுடன் கூடிவிடுகிறது. போர்வை பட்டாலே பாதம் பற்றி எரிகிறது என்று சொல்லாத நோயாளிகள் குறைவு. பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளை மருத்துவர்கள் இதற்குப் பரிந்துரைக்கிறார்கள். அவை எல்லோருக்கும் போதிய நிவாரணம் தருவதில்லை. தலைசுற்றல், தூக்கக் கலக்கம் ஆகியவற்றால் அளவைக் கூட்ட முடியாத முதியவர்களும் இருக்கிறார்கள். அத்தகையவர்கள் மாத்திரையுடன் சேர்த்துப் பயன்படுத்திப் பார்க்கத் தக்கது, தோலின் மேல் ஒட்டிய பட்டைகள் வழியாக மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தும் டென்ஸ் கருவி. கையடக்கமான ஒரு பெட்டி, அதிலிருந்து வரும் ஒயர்கள், இரண்டு அல்லது நான்கு ஒட்டுப்பட்டைகள் என்பதே அதன் முழு அமைப்பு. ஊசியும் அறுவையும் இதில் இல்லை.

பிசியோதெரபி நிலையங்களில் 'கரண்ட் வைப்பது' என்று நம் மக்கள் சொல்வதில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட பல சிகிச்சைகள் அடங்கியுள்ளன. வினாடிக்கு ஏறத்தாழ 4000 அலைகள் கொண்ட இரு மின்னோட்டங்களை உடலுக்குள் குறுக்கிடச் செய்யும் ஐ.எஃப்.டி. ஒருவகை, வலுவிழந்த தசையைச் சுருங்க வைக்கும் ஸ்டிமுலேட்டர் இன்னொரு வகை. நரம்பு வலிக்காக வீட்டில் வைத்துக்கொள்ள ஏற்றது டென்ஸ் மட்டுமே. வெறும் பாதத்தை மேலே வைத்து நிற்கும்படி விற்கப்படும் மின்சார மசாஜ் பாய்களை, பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் பட்டையை எங்கே ஒட்டுவது என்று பார்க்கும்போது விளங்கும்.

இது எப்படி வேலை செய்கிறது

அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம்; வலி சற்றுக் குறைகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது என்று 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் விளக்கினார்கள். 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' என்று அறியப்படும் அந்த விளக்கத்தைத் தொடர்ந்து, 1967-இல் வாலும் நரம்பு அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட்டும், முதலில் தங்கள் உடலிலும் பிறகு நோயாளிகளிடமும் மின்தூண்டலைச் சோதித்து, வலி தற்காலிகமாக அடங்குவதைப் பதிவு செய்தார்கள். இன்றைய டென்ஸ் அந்த வழியில் வந்தது. உடலே சுரக்கும், அபின் போலச் செயல்படும் வலிநீக்கிப் பொருள்களையும் இந்தத் துடிப்புகள் தூண்டுகின்றன என்பது பின்னாளில் தெரியவந்தது.

இதிலிருந்து நோயாளி புரிந்துகொள்ள வேண்டியது மிகவும் முக்கியமானது. தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் இழைகள் தூண்டப்பட்டால்தான் பயன் உண்டு. அவை தூண்டப்படுகின்றனவா என்று காட்டும் ஒரே அளவுமானி நோயாளிக்குத் தெரியும் விறுவிறுப்பு. ஆகவே எங்கே ஒட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவருடைய தோலுணர்வே விடை சொல்ல வேண்டும். கருவியின் விலையும் அதில் உள்ள முறைகளின் எண்ணிக்கையும் இதற்கு அடுத்தபடியானவை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

டென்ஸ் சேதமடைந்த நரம்பைச் சரிசெய்யாது, சர்க்கரையையும் குறைக்காது. வலி இருக்கும் நேரத்தில் அதைத் தணிப்பதே அதன் வேலை. பட்டையை எடுத்த பிறகு அந்தத் தணிவு சிலருக்கு நிமிடங்களும் சிலருக்குச் சில மணி நேரமும் நீடிக்கும். ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. அமெரிக்க நரம்பியல் அகாதமி 2010-இல் வெளியிட்ட மதிப்பீடு, சர்க்கரை நோய் நரம்பு வலிக்கு இது பயன் தரக்கூடும் என்றும், நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பயனில்லை என்றும் கூறியது. நரம்பு வலிக்காக நடந்த 15 ஆய்வுகளை, மொத்தம் 724 பேர் பங்கேற்றவற்றை, 2017-இல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, சான்றுகளின் தரம் மிகக் குறைவாக இருப்பதால் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது என்றது. எல்லா வகை வலிகளுக்குமாக 381 ஆய்வுகளைத் திரட்டிய 2022-ஆம் ஆண்டு மதிப்பாய்வோ, டென்ஸ் வைத்திருக்கும் நேரத்திலும் அதை எடுத்த உடனேயும் வலியின் கடுமை குறைகிறது என்றும், கடுமையான தீங்குகள் பதிவாகவில்லை என்றும் கண்டது. இவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, தீங்கு குறைவான இந்த முறையை ஒழுங்காக ஒரு மாதம் முயன்று பார்ப்பது நியாயமானது என்றே தோன்றுகிறது. இதை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவது நியாயமானதல்ல.

கருவி வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அந்தக் குறைபாடும் இதே போன்ற எரிச்சலையும் மதமதப்பையும் தரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, மருந்தால் சரியாகக்கூடிய காரணம் அது.

யார் பயன்படுத்தக் கூடாது

பேஸ்மேக்கர், இதய அதிர்ச்சிக் கருவி, அல்லது உடலுக்குள் பொருத்திய வேறு மின்கருவி உள்ளவர்கள், அவற்றைக் கவனிக்கும் இதய மருத்துவரோ உரிய சிறப்பு மருத்துவரோ அனுமதிக்காமல் டென்ஸைத் தொடக்கூடாது. கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பயன்படுத்த வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் அது ஆழ்சிரையில் ரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அந்தக் காலில் பட்டை ஒட்டாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலி அதிகம் இல்லாமலே பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியிருந்தாலும் அப்படியே; எலும்பு உள்ளுக்குள் நொறுங்கும் சார்கோ பாதம் அவ்வாறுதான் தொடங்குகிறது. புண், வெடிப்பு, தோல் தொற்று உள்ள இடத்திலும், புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்திலும் பட்டை கூடாது. கழுத்தின் முன்பக்கம், கண், தலை, நெஞ்சின் குறுக்கே ஆகிய இடங்களில் எந்த நோய்க்காகவும் யாரும் ஒட்டக்கூடாது.

ஒட்டுவதற்கு முன் உணர்வைச் சோதித்தல்

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரே பட்டையை ஒட்டுவதே வீடுகளில் அதிகம் நடக்கிறது. ஆபத்தும் பயனின்மையும் அங்கேதான் தொடங்குகின்றன. நோயாளி மல்லாந்து படுத்துக் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். வீட்டில் உள்ள ஒருவர், இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் தம் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு வினாடிகள் மட்டும் மென்மையாகத் தொட வேண்டும். அழுத்துவதோ தட்டுவதோ தடவுவதோ கூடாது. தொட்டது தெரிந்தவுடன் நோயாளி 'வலது', 'இடது' என்று சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டிலோ அதற்கு மேற்பட்டவற்றிலோ தெரியவில்லை என்றால் பாதத்தின் காப்புணர்வு, அதாவது காயம் படுவதை எச்சரிக்கும் உணர்வு, குறைந்துவிட்டது என்று பொருள். டென்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்துக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, உள்பக்கமும் வெளிப்பக்கமுமாகச் சிறிது சிறிதாகத் தொட்டுக்கொண்டே மேலே செல்ல வேண்டும். தண்ணீரில் நனைத்த ஸ்பூனின் குளிர்ச்சியும் தெரிகிறதா என்று பார்க்கலாம். இரண்டும் எந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றனவோ, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. பட்டைகள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். மரத்துப்போன தோலில் மின்னோட்டம் அளவுக்கு மீறினாலும் நோயாளிக்குத் தெரியாது, தெரியவில்லையே என்று மேலும் கூட்டுவார், தோல் புண்ணாகும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் சிறு புண்ணும் ஆறுவதற்கு எவ்வளவு பாடுபடுத்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மசாஜ் பாய் வேண்டாம் என்று முன்பு சொன்னதும் இதனால்தான்.

தொட்டாலே எரியும் தோலுக்கும் இதே விதி பொருந்தும். அங்கே ஒட்டினால் வலி கூடும். அந்தப் பகுதிக்கு மேலே, அதே நரம்பு வரும் வழியில் ஒட்ட வேண்டும்.

பட்டைகளை ஒட்டும் இடம்

முழங்காலின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தால், மூட்டுக்குச் சற்றுக் கீழே சிறிய எலும்பு முண்டு ஒன்று விரலில் தட்டுப்படும். பாதத்தின் மேற்புறத்துக்குச் செல்லும் நரம்பு அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது. முதல் பட்டையை அந்த முண்டை ஒட்டிக் கீழே வைக்க வேண்டும். உள்ளங்காலுக்குச் செல்லும் நரம்பு, உள் கணுக்கால் எலும்புக்கும் பின்னால் உள்ள குதிகால் தசைநாணுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே போகிறது. அங்கே உணர்வு நன்றாக இருந்தால் இரண்டாவது பட்டையை அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே ஒட்டலாம். இல்லையென்றால் கெண்டைக்காலின் உள்பக்கம், பேனாக் கோட்டுக்கு மேலே நகர்த்த வேண்டும்.

கருவியிலிருந்து வரும் ஓர் இணைப்பின் (சேனல்) இரண்டு பட்டைகளுக்கு இடையில்தான் மின்னோட்டம் செல்கிறது என்பதால், அவ்விரண்டும் ஒரே காலில் இருக்க வேண்டும். இரண்டு கால்களுக்கும் தேவைப்பட்டால் இரண்டு இணைப்புகள் உள்ள கருவியை வாங்கி, காலுக்கு ஒன்றாகப் பயன்படுத்தலாம். பட்டைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. குறைந்தது இரண்டு விரல் அகல இடைவெளி வேண்டும். பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் கொண்ட சதுரப் பட்டைகள் காலுக்குப் போதுமானவை. அதைவிடச் சிறியவற்றில் மின்னோட்டம் நெருக்கமாகப் பாய்ந்து சுருக்கென்று குத்தும்.

தோலைத் தயார் செய்வதில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு தடை உண்டு. கால் வலிக்குத் தைலமோ தேங்காய் எண்ணெயோ தேய்க்கும் பழக்கம் உள்ளவர்கள், அந்தப் பிசுக்கின் மேலேயே பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பட்டை சரியாகப் பிடிப்பதில்லை. அதன் பசையும் கெட்டுவிடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவி, துண்டால் ஈரமும் வியர்வையும் போகத் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். முடி அடர்ந்திருந்தால் கத்தரிக்கோலால் குறைக்கலாம். சவரம் செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏற்பட்டு எரிச்சல் வரும்.

கருவியை இயக்குதல்

எந்த நிலையிலும் வரிசை மாறக்கூடாது. கருவி அணைந்திருக்கும்போதே ஒயர்களைப் பட்டைகளில் பொருத்தி, பட்டைகளைத் தோலில் ஒட்ட வேண்டும். வலிமைத் திருகு சுழியத்தில் இருப்பதைப் பார்த்த பிறகு கருவியை இயக்க வேண்டும். முடிக்கும்போது திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, கருவியை அணைத்த பிறகே பட்டையைப் பிரிக்க வேண்டும். பல கருவிகள் மின்னோட்டத்தின் அளவை மாறாமல் வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டையின் ஓரம் பெயர்ந்தால், அதே மின்னோட்டம் முழுவதும் மிச்சமுள்ள சிறு பரப்பின் வழியாகப் பாய்ந்து வலிக்கச் செய்யும். திடீரென்று ஒரு முனையில் மட்டும் சுருக்கென்று குத்தினால், முதலில் கருவியை அணைத்துவிட்டுப் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள்.

தொடக்கத்தில் தொடர் துடிப்பு முறையில், அதிர்வெண் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை துடிப்புகள்), துடிப்பின் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 100 முதல் 200 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொள்வது வழக்கமான அமைப்பு. பிறகு வலிமையை மெதுவாகக் கூட்ட வேண்டும். முதலில் எறும்பு ஊர்வது போல மெலிதாகத் தெரியும். பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திக்கொண்டு, 'கரண்ட் வைத்தும் குணமில்லை' என்கிறார்கள். அது போதாத அளவு. அந்த விறுவிறுப்பு பட்டைக்குக் கீழே பாதத்தை நோக்கிப் பரவி, பலமாகவும் அதே சமயம் வலியில்லாமலும் இருக்கும் நிலை வரை கூட்ட வேண்டும். வலித்தாலோ தசை இறுகிப் பிடித்தாலோ அளவு மீறிவிட்டது. சற்றுக் குறைக்க வேண்டும். ஐந்து, பத்து நிமிடங்களில் உடல் பழகிவிடுவதால் உணர்வு மங்கும். அப்போது மீண்டும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம்.

அந்தத் திருகு நோயாளியின் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் மகனோ மருமகளோ அன்போடு, 'கொஞ்சம் கூட்டி வைக்கிறேன், சீக்கிரம் சரியாகும்' என்று தொடுவதைக் கனிவாகத் தடுத்துவிட வேண்டும். பிறருக்கு அந்த உணர்வு தெரியாது.

ஒரு தடவைக்கு 30 முதல் 60 நிமிடம் வைக்கலாம். இரவில் வலி கூடுபவர்கள், படுப்பதற்கு முன் நாற்காலியில் அமர்ந்தபடி வைத்துக்கொண்டு, எடுத்துவிட்டு உறங்கச் செல்வது நல்லது. காலை நடைப்பயிற்சியை வலி தடுக்கிறது என்றால் அதற்கு முன் ஒரு முறை வைக்கலாம். வலி தணிந்திருக்கும் நேரத்தை நடப்பதற்குப் பயன்படுத்திக்கொள்வதே இந்தக் கருவியிலிருந்து பெறக்கூடிய பெரிய நன்மை என்று கருதுகிறேன். உறங்கும்போதும், குளிக்கும்போதும், வண்டி ஓட்டும்போதும் அணிந்திருக்கக் கூடாது. பட்டையை எடுத்த கையோடு பாதத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடாது. மரத்த பாதம் வெந்துபோவது தெரியாது.

நாள்தோறும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே வலிமையில் வைத்தால் சில நாட்களிலேயே பலன் குறையத் தொடங்கும். அதிர்வெண் தானாக ஏறி இறங்கும் முறை கருவியில் இருந்தால் அதற்கு மாறலாம். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், தசை மெதுவாகத் துடிக்கும் 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அதிர்வெண்ணை வைக்கலாம். குறைந்த அதிர்வெண்ணில் தணிவு மெதுவாகத்தான் வரும். டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் போலச் செயல்படும்) வலி மாத்திரைகளை நெடுநாளாக உட்கொண்டு அவற்றுக்குப் பழகிவிட்டவர்களுக்கு அது பலன் தருவதும் குறைவு. அவர்கள் உயர் அதிர்வெண்ணிலேயே தொடர்வது நல்லது.

பட்டைகளும் தோலும்

ஒட்டுப்பட்டை பொதுவாக 20, 30 தடவைகளுக்கு மேல் தாங்காது. பயன்படுத்தியவுடன் அதனுடன் வந்த பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, உறைக்குள் மூடி வைக்க வேண்டும். பசை உலர்ந்திருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் சில நாட்கள் நீடிக்கும். ஓரம் சுருண்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். ஒருவர் பட்டையை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு முறையும் பட்டையை எடுத்த பின் தோலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். லேசான சிவப்பு சிறிது நேரத்தில் மறைவது இயல்பு. அரிப்போ, கொப்புளமோ, மறையாத சிவப்போ இருந்தால் நிறுத்திவிட்டு, தோல் தெளிந்த பிறகு வேறு வகைப் பட்டையை முயலலாம்.

அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலிக்கும் இதே கொள்கைதான்: தழும்பின் மேல் ஒட்டாமல், அதையடுத்த நல்ல தோலில் ஒட்ட வேண்டும். ஆனால் அக்கி பெரும்பாலும் நெஞ்சைச் சுற்றியே வருவதால், இடத்தை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் காட்டித் தராமல் தொடங்க வேண்டாம்.

ஒரு மாதக் கணக்கு

ஒரு நோட்டில், வைப்பதற்கு முன், வைத்திருக்கும்போது, எடுத்து ஒரு மணி நேரம் கழித்து என மூன்று தடவை வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதி வரவும். எந்த அதிர்வெண், பட்டை எங்கே இருந்தது, அன்றிரவு எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறிக்கவும். முதல் வாரத்தில் பயன் தெரியாவிட்டால் வலிமையும் இடமும் சரியாக உள்ளனவா என்று பார்த்து மாற்றுங்கள். நான்கு வாரம் முறையாகச் செய்தும் வைத்திருக்கும் நேரத்தில்கூட மதிப்பெண் இறங்கவில்லை என்றால், இது உங்களுக்கு ஏற்ற கருவியில்லை என்று விட்டுவிடலாம். அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினால் மருந்தை மாற்றி அமைக்க அவருக்கு உதவும். இடையில் எரிச்சல் ஒரு காலில் மட்டும் திடீரென்று கூடினாலோ, நடக்கும்போது பாதம் தொங்கினாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ மாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். கருவியை எடுத்து வைத்துவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.